மரத்தில் ஒரு நாயின் முகம்: ஸ்குரோல் வாளால் உருவப்படம் வெட்டுவது எப்படி?

வீட்டு நாயின் முகத்தை மெல்லிய பலகையில் வெட்டி எடுத்துச் சுவரில் மாட்டும் வழக்கம், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொழுதுபோக்காகத் தச்சு வேலை செய்பவர்களிடம் உண்டு. இதற்கு அவர்கள் பயன்படுத்துவது ஸ்குரோல் வாள் எனப்படும் சிறிய மேசை இயந்திரம். உளி தேவையில்லை. வர்ணமும் பெரும்பாலும் தேவையில்லை. நிழல் விழும் இடங்களை மட்டும் பலகையிலிருந்து வெட்டி நீக்கி, பின்னால் ஒரு கறுப்புத் துணியை வைத்தால் போதும். கிட்ட நின்று பார்த்தால் ஒழுங்கற்ற ஓட்டைகளாகத் தெரிவது, நாலு அடி தள்ளி நின்றால் ஒரு நாயின் முகமாகி விடும்.

எங்கள் வீடுகளிலும் நாய்கள் இருந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்துகொண்டே இருந்தவர்களும், நாயை விட்டுவிட்டு வந்த கதையை ஒரு வரியில் சொல்லிக் கடந்து விடுவார்கள். மனிதர்களை இழந்த வீட்டில் நாயைப் பற்றிப் பேசுவது கூச்சமாக இருக்கும். ஆனாலும் அந்த நாயின் பெயரைக் கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எந்தக் காது மடிந்திருந்தது என்பதும் ஞாபகம் இருக்கும்.

இப்போது வளர்க்கும் நாய்க்கோ, பழைய அல்பத்தில் ஒரு ஓரத்தில் நிற்கும் நாய்க்கோ மரத்தில் ஒரு முகம் செய்து வைக்க விரும்புபவர்களுக்காக, இந்த வேலையின் முறைகளை ஒழுங்காகத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லில் நின்ற நாய்

நாய்க்கு நினைவுருவம் செய்வது தமிழருக்குப் புதியதல்ல. தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள எடுத்தனூர் நடுகல் இதற்கு நல்ல சான்று. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில் நாட்டப்பட்ட கல் அது. மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனது நாயும் அந்தக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும் என்று அந்த ஊரார் நினைத்திருக்கிறார்கள்.

எமது ஊர்களில் வைரவர் கோயில் இல்லாத பகுதியைக் காண்பது அரிது. வைரவரின் வாகனம் நாய். திருவிழாவுக்கு மரத்தில் வாகனம் செய்யும் ஆசாரிமார் நாயின் உடலையும் முகத்தையும் மரத்தில் வடித்தே வந்திருக்கிறார்கள். ஸ்குரோல் வாள் வேலை அதிலிருந்து வேறுபட்டது. அது முழு உருவம். இது தட்டையான பலகையில் வெளிச்சத்தையும் நிழலையும் பிரிக்கும் வேலை. ஆனால் மரத்தில் நாயைப் பார்ப்பது எங்கள் கண்ணுக்குப் பழக்கமானதுதான்.

வாளின் கதை

வில் போன்ற சட்டத்தில் நூல்போன்ற அலகை இழுத்துக் கட்டி, பலகையின் உள்ளே வளைவுகளை வெட்டும் கைவாளே இந்த இயந்திரத்தின் மூதாதை. ஃப்ரெட் வாள் என்று அதைச் சொல்வார்கள். பிரான்சில் பதினான்காம் லூயி மன்னனுக்காகத் தளபாடங்கள் செய்த ஆந்த்ரே சார்ல் பூல் (1642–1732) இவ்வகை நுண்வெட்டில் பேர்பெற்றவர். ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே தடவையில் வெட்டி, ஒன்றின் துண்டை மற்றதன் ஓட்டைக்குள் பதிப்பது அவரது பட்டறையின் முறை. இதனால் ஒரே கோலம் இரண்டு விதமாகக் கிடைத்தது: இருட்டில் வெளிச்சமாக ஒன்று, வெளிச்சத்தில் இருட்டாக இன்னொன்று. கறுப்பு நாயைப் பற்றிப் பேசும்போது இந்த உத்தி மறுபடியும் வரும்.

1760களில் இலண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி என்பவர் தேசப்படங்களைப் பலகையில் ஒட்டி, எல்லைக்கோடுகள் வழியே வெட்டி, பிள்ளைகள் பொருத்திப் பார்த்துப் படிப்பதற்காக விற்றார். இன்று பிள்ளைகள் விளையாடும் ஜிக்சோ படத்துண்டுகளின் தொடக்கம் அதுவே. 19ஆம் நூற்றாண்டில் காலால் மிதித்து ஓட்டும் வாள்கள் வந்தன. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், ரொக்ஃபோர்ட் நகரில் இயங்கிய பார்ன்ஸ் நிறுவனம் இத்தகைய இயந்திரங்களால் பெயர் பெற்றது. கால்மிதித் தையல் இயந்திரத்தை அறிந்தவர்களுக்கு அந்த வாள் எப்படி இயங்கியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. பழைய தையல் இயந்திரத்தின் காலடியை வைத்து வாள் செய்துகொண்டவர்களும் உண்டு.

இயந்திரமும் அலகும்

இன்றைய ஸ்குரோல் வாளில் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே அலகு நிமிர்ந்து நிற்கும். மோட்டார் சுழலும்போது அலகு ஏறக்குறைய முக்கால் அங்குலம் மேலும் கீழும் போய்வரும். நிமிடத்துக்கு 400 முதல் 1,600 தடவை வரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வாள் அசையாத இடத்தில் நிற்க, பலகையையே நாம் திருப்பித் திருப்பி நகர்த்த வேண்டும்.

அலகுக்கும் இயந்திரத்தின் பின்பக்கத்துக்கும் உள்ள தூரத்தைக் கொண்டே இயந்திரத்தின் அளவைச் சொல்வார்கள். சிறிய வகை 16 அங்குலம், அதாவது சுமார் 40 சென்ரிமீற்றர். ஒரு ஏ4 தாளின் மூலைக்கு மூலை நீளம் ஏறக்குறைய 36 சென்ரிமீற்றர்தான். ஆகவே ஏ4 அளவுப் படத்தை இந்தச் சிறிய இயந்திரத்திலேயே முழுச் சுற்றுத் திருப்பி வெட்டலாம். முதல் படத்துக்கு அந்த அளவு போதுமானது.

அலகின் நீளம் 5 அங்குலம். இரு முனையிலும் குறுக்கு ஊசி உள்ள அலகும், ஊசியில்லாத வெறும் முனை அலகும் கிடைக்கின்றன. நாயின் முகம் வெட்டுவதற்கு ஊசியில்லாத அலகே வேண்டும். ஒவ்வொரு ஓட்டையையும் வெட்டுவதற்கு முன்பு அலகின் முனையை ஒரு சிறு துளைக்குள் நுழைக்க வேண்டியிருக்கும். குறுக்கு ஊசி உள்ளே போகும் அளவுக்குத் துளையிட்டால் நாயின் கண்ணைவிடத் துளை பெரிதாகி விடும். இயந்திரம் வாங்கும்போது, ஊசியில்லாத அலகை அது பிடிக்குமா என்று கேட்டு வாங்குவது முக்கியம்.

அலகின் தடிப்பை இலக்கத்தால் குறிப்பார்கள். இலக்கம் சிறிதானால் அலகு மெல்லியது. முகத்தின் நுணுக்கங்களுக்கு 2/0 முதல் 3ஆம் இலக்கம் வரை பொருந்தும். கீழ்ப்பக்கத்துச் சில பற்கள் மேல்நோக்கி இருக்கும் வகையை எடுத்தால் பலகையின் அடிப்பக்கம் சிம்பு சிம்பாகப் பிய்வது குறையும். முறுக்கிய கம்பி போன்ற சுருள் அலகும் உண்டு. எந்தத் திசையிலும் வெட்டும் என்பதால் பலகையைத் திருப்பத் தேவையில்லை. ஆனால் வெட்டு அகலமாகவும் ஓரம் சொரசொரப்பாகவும் வரும். உரோமத்துக்கு அது நல்லது. கண்ணுக்கும் மூக்குக்கும் தட்டை அலகே நல்லது.

அலகை இறுக்கிக் கட்டியபின் விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். தந்தி போலத் தெளிவான ஓசை வந்தால் சரி. மந்தமான சத்தம் வந்தால் தொய்ந்திருக்கிறது. வெட்டு கோணலாகப் போகும். இன்னொரு விடயமும் உண்டு. தட்டை அலகு நேராக வெட்டாமல் ஒரு பக்கத்துக்குச் சற்று இழுக்கும், பெரும்பாலும் வலப்பக்கத்துக்கு. அலகு தயாரிக்கப்படும்போது ஒரு ஓரத்தில் பிசிறு நின்றுவிடுவதே காரணம். பலகையைக் கொஞ்சம் சரித்துத் தள்ளினால் கோட்டில் நிற்கும். கழிவுப் பலகையில் அரை மணித்தியாலம் பழகினால் கைக்கு இது பிடிபட்டு விடும்.

இயந்திரம் இல்லாதவர்கள் கை ஃப்ரெட் வாளால் இதே வேலையைச் செய்யலாம். மேசையின் விளிம்பில் 'வி' வடிவ வெட்டு உள்ள ஒரு பலகையைப் பூட்டி, அதன்மேல் படத்தை வைத்து, வாளை மேலும் கீழும் இழுக்க வேண்டும். நேரம் கூடுதலாகப் பிடிக்கும். மின்சாரம் வேண்டாம், இரைச்சலும் இல்லை. இயந்திரச் சத்தம் ஒத்துவராதவர்களுக்கு இதுவே சிறந்தது.

புகைப்படம்

வேலையின் பாதி வெற்றி புகைப்படத்தில் இருக்கிறது. உயிரோடு இருக்கும் நாய் என்றால், காலையிலோ மாலையிலோ வாசலோரம் இருத்தி, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும்படி எடுக்க வேண்டும். கமராவை நாயின் கண் உயரத்துக்குப் பதித்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து எடுத்தால் தலை பெருத்து உடல் சிறுத்துத் தெரியும். பிளாஷ் போடக் கூடாது. அது முகத்து நிழல்களை அழித்து, கண்ணையும் ஒளிரும் வட்டமாக்கி விடும். முகம் சற்றே பக்கவாட்டில் திரும்பியிருந்தால் மூக்கின் நீளம் தெரியும்.

பழைய படம் என்றால் கவனம் தேவை. ஈரம் பட்டு கண்ணாடியோடோ அல்பத்தின் பிளாஸ்ரிக் தாளோடோ ஒட்டிப்போன படத்தைப் பிரித்தெடுக்க முயல வேண்டாம். பிரித்தால் படத்தின் மேற்படலம் கழன்று விடும். ஒட்டியபடியே, பகல் வெளிச்சத்தில், கண்ணாடியில் பளபளப்பு விழாத கோணத்தில் கைத்தொலைபேசியால் படம் எடுத்தால் போதும். பிறகு செய்யும் வேலை எல்லாம் அந்தப் பிரதியில்தான். மூலப் படத்தைத் தொடவே கூடாது.

குடும்பப் படத்தின் மூலையில் நாய் பெருவிரல் நகமளவுக்குத்தான் இருக்கிறது என்று மனம் தளர வேண்டியதில்லை. இந்த வேலைக்கு வர்ணமும் நுண்விபரமும் அவசியமில்லை. எது வெளிச்சம், எது நிழல் என்று பிரித்தறிய முடிந்தால் தொடங்கலாம்.

கறுப்பும் வெள்ளையும்

புகைப்படத்தில் மிகக் கறுப்பிலிருந்து மிக வெள்ளை வரை 256 படிகள் உண்டு. பலகையில் இரண்டே படிகள்: மரம் இருக்கிறது, அல்லது இல்லை. ஆகவே படத்தை இரண்டு நிறமாகச் சுருக்க வேண்டும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் 'திரெஷோல்ட்' என்ற வசதி இதைச் செய்யும். ஒரு குறிப்பிட்ட படிக்குக் கீழே உள்ளதெல்லாம் கறுப்பு, மேலே உள்ளதெல்லாம் வெள்ளை. அந்தப் படியை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம்.

ஒரே அளவு முழு முகத்துக்கும் பொருந்தாது. கண் தெளிவாக வரும் அளவில் கழுத்து முழுவதும் கறுப்பாகும். கழுத்து சரியாக வரும் அளவில் கண் காணாமல் போகும். கண்ணுக்கும் மூக்குக்கும் ஒரு பிரதி, உடலுக்கு ஒரு பிரதி என்று எடுத்து இரண்டையும் ஒட்டிச் சேர்ப்பதே வழக்கம்.

கணினி இல்லாதவர்கள் படத்தை ஏ4 அளவுக்குப் பெருப்பித்து, கூர்மையைக் கூட்டிப் போட்டோக்கொப்பி எடுக்கலாம். அதை யன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, நிழல் பகுதிகளைக் கறுப்பு மார்க்கரால் நிரப்ப வேண்டும். கைவேலைக்கு ஒரு நன்மை இருக்கிறது. எது முக்கியம், எதை விடலாம் என்று ஒவ்வொரு கோட்டிலும் வரைபவர் முடிவெடுக்கிறார். மென்பொருள் குப்பை மேட்டு நிழலையும் நாயின் மூக்கையும் ஒன்றுபோலவே நடத்தும்.

இந்தக் கட்டத்தில்தான் எந்த நாய் என்பதும் தீர்மானமாகிறது. எங்கள் ஊர் நாய்கள் பலவும் ஒரே சாயலில் இருப்பவை: குட்டை உரோமம், கூர்மையான முகம், நிமிர்ந்த அல்லது பாதி மடிந்த காது. ஒன்றை மற்றதிலிருந்து பிரிப்பது சின்னச் சின்ன அடையாளங்களே. கிழிந்த காது நுனி, நெற்றியில் வெள்ளைக் கோடு, ஒரு பக்கம் சாய்ந்த தலை, மூக்கின் மேல் பழைய தழும்பு. வரைபடத்தைச் சுத்தமாக்கும் ஆசையில் இவற்றை அழித்து விட்டால் அழகான நாய் ஒன்று கிடைக்கும். வீட்டு நாய் கிடைக்காது. நாயை அறிந்த இருவரிடமாவது வரைபடத்தைக் காட்டிக் கேட்பது நல்லது.

தீவும் பாலமும்

இந்த வேலையின் மையமான விதி ஒன்றுதான். கறுப்பு வெட்டப்படும், வெள்ளை மிஞ்சும். மிஞ்சும் வெள்ளைப் பகுதி எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்து, கடைசியில் பலகையின் சட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். நாற்புறமும் கறுப்பு சூழ்ந்த வெள்ளைத் துண்டு ஒரு தீவு. கறுப்பை வெட்டி முடித்ததும் அது கீழே விழுந்து விடும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வரைபடத்தின் வெளிச் சட்டத்தில் பென்சிலை வைத்து, கறுப்பைக் கடக்காமல், வெள்ளை வழியாகவே ஒவ்வொரு வெள்ளைப் பகுதிக்கும் போய்ப் பார்க்க வேண்டும். போக முடியாத இடம் தீவு. கணினியில் என்றால் சட்டத்தின் வெள்ளையில் சிவப்பை ஊற்றினால், தொடர்புள்ள பகுதி எல்லாம் சிவப்பாகும். வெள்ளையாகவே மிஞ்சுபவை தீவுகள்.

தீவுக்கு ஒரு பாலம் போட வேண்டும். அருகிலுள்ள கறுப்பின் குறுக்கே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் அகலத்தில் வெள்ளைக் கீற்று ஒன்றை விடுவதே பாலம். அதைவிட மெலிதானால் ஒடியும். அகலமானால் கண்ணை உறுத்தும்.

இது கடினமாவது கண்ணில்தான். நாயின் கண் பெரும்பாலும் கருமையானது. அதற்கு உயிர் தருவது கருமைக்குள் தெரியும் சிறு வெளிச்சப் புள்ளி. அந்தப் புள்ளி இல்லாவிட்டால் முகத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருக்கும். இறந்த விலங்கின் முகம் போலத் தோன்றும். ஆனால் அந்தப் புள்ளி ஒரு தீவு. அதைத் தாங்குவதற்கு மேல் இமையிலிருந்து ஒரு கீற்றை இறக்க வேண்டும். புகைப்படத்தில் இமை மயிரின் நிழல் கண்ணின் மேல் விழும் கோணத்தைக் கவனித்து, அதே சாய்வில் பாலத்தை வைத்தால், பார்ப்பவர் அதை மயிர் என்றே எடுத்துக்கொள்வார். இரண்டு கண்களிலும் புள்ளி ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் இடமாகவும் மற்றதில் வலமாகவும் இருந்தால் நாய்க்கு மாறுகண் வந்து விடும்.

மூக்கிலும் இதே பிரச்சினை உண்டு. மூக்கின் மேற்பரப்பில் ஈரம் பளபளக்கும் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். அதை ஓரத்தோடு சேர்த்து விட்டால் பாலம் தேவைப்படாது.

உரோமமும் கறுப்பு நாயும்

உரோமத்தை மயிர் மயிராக வெட்ட முனைவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. பலகை நாராகிப் போகும், முகமும் குழம்பும். நிழலின் விளிம்பை நேர்கோடாக விடாமல், உரோமம் படியும் திசையில் கூர்மையான பற்கள் போல வெட்டினால் போதும். மிச்சத்தைக் கண் நிரப்பிக்கொள்ளும். நெற்றியில் உரோமம் மேல்நோக்கியும், கன்னத்தில் பின்நோக்கியும், கழுத்தில் கீழ்நோக்கியும் படிந்திருக்கும். திசை பிழைத்தால் எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் பயனில்லை.

நாய் முழுக் கறுப்பு என்றால் விதிப்படி முழு நாயையும் வெட்டி எறிய வேண்டியதாகும். இங்கேதான் பூல் பட்டறையின் உத்தி உதவுகிறது. எல்லாவற்றையும் தலைகீழாக்கி விடலாம். இருண்ட நிற மரத்தை எடுத்து, நாயின்மேல் வெளிச்சம் விழும் கீற்றுகளை மட்டும் வெட்டி, பின்னால் வெள்ளை அல்லது இளமஞ்சள் அட்டையை வைக்க வேண்டும். அப்போது மரமே நாயின் கறுப்பாகி விடும். கண்ணின் வெளிச்சப் புள்ளியும் வெறும் துளையாகி விடுவதால் பாலம் தேவையில்லை.

பலகையும் வெட்டும் ஒழுங்கும்

முதல் படத்துக்கு 3 முதல் 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளைவூட் ஏற்றது. அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் மெல்லிய பாலங்கள் எந்தத் திசையிலும் தாங்கும். தனி மரத்தில் இழைக்குக் குறுக்காக ஓடும் மெல்லிய கீற்று இலேசாக ஒடிந்து விடும். பிளைவூட்டின் ஓரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். நடு அடுக்கில் இடைவெளி தெரிந்தால், கண் வெட்டும் இடத்தில் அந்த இடைவெளி வந்து மாட்டும். சட்டத்துக்குத் தச்சுப் பட்டறையில் கழித்துப்போடும் தேக்கு, மகோகனி, பலாத் துண்டுகள் போதும். பலா தொடக்கத்தில் மஞ்சளாக இருந்து, காலம் போகப் போகப் பழுப்பாகும். முதிரையும் பாலையும் இந்த மெல்லிய அலகுக்கு மிகக் கடினமானவை.

வெட்ட முன்பே பலகையின் முகத்தை 180, பிறகு 220 இலக்க சாண்ட் பேப்பரால் தேய்த்து விட வேண்டும். வெட்டியபின் அழுத்தித் தேய்த்தால் கீற்றுகள் முறியும். பலகையில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன்மேல் வரைபடத் தாளை ஒட்டினால், கடைசியில் டேப்பைக் கழற்றும்போது தாளும் சேர்ந்து வந்து விடும். இரண்டு பலகைகளை ஓரங்களில் டேப்பால் சுற்றிக் கட்டி ஒன்றாக வெட்டினால் ஒரே நேரத்தில் இரண்டு பிரதிகள் கிடைக்கும். தங்கச்சி கனடாவிலும் அம்மா ஊரிலும் இருக்கிற குடும்பங்களுக்கு இது உதவும்.

ஒவ்வொரு கறுப்புப் பகுதிக்குள்ளும் அலகு நுழையும் அளவுக்கு, சுமார் ஒரு மில்லிமீற்றரில் ஒரு துளை போட வேண்டும். துளையைக் கறுப்பின் கூர் மூலைக்குக் கிட்டவே வைத்தால் வெட்டும் பாதை குறையும். கீழே ஒரு கழிவுப் பலகையை வைத்துத் துளைத்தால் அடிப்பக்கம் பிய்யாது.

வெட்டும் ஒழுங்கு இது: முதலில் மிகச் சிறிய ஓட்டைகள், பிறகு பெரியவை. நடுவிலிருந்து வெளியே. கண், மூக்கு, வாய், பிறகு கன்னம், காது, கழுத்து. வெளிப்புறத்துப் பெரிய நிழல்கள் கடைசியில். பெரியவற்றை முதலே நீக்கி விட்டால் பலகை தளர்ந்து, கண்ணை வெட்டும்போது அதிரத் தொடங்கும். கூர் மூலை வந்தால் அங்கேயே திருப்ப முயலாமல், சற்றுப் பின்வாங்கி மற்றப் பக்கத்திலிருந்து வந்து மூலையில் சந்திக்க வேண்டும். பலகையைத் தள்ள வேண்டியதில்லை. அலகு வெட்டும் வேகத்துக்கு விட்டுக்கொடுத்தால் போதும். தள்ள வேண்டியிருந்தால் அலகு மழுங்கி விட்டது என்று அர்த்தம். அலகுகள் டசின் கணக்கில் விற்கப்படுவதும் இதனால்தான்.

கீற்று ஒன்று ஒடிந்தால் வேலை கெட்டு விட்டது என்று எறிய வேண்டாம். ஒடிந்த துண்டை உடனே தேடி எடுத்து, ஊசி முனையளவு மரப்பசை வைத்து, அதே இடத்தில் பொருத்தி உலர விட்டால் பெரும்பாலும் அடையாளமே தெரியாது. தரையைக் கூட்ட முன்பு துண்டு கிடைத்து விட வேண்டும், அவ்வளவுதான்.

முடித்தல்

தூசியை மெல்லிய தூரிகையால் நீக்கி, ஆளிவிதை எண்ணெயோ தெளிவான வார்னிஷோ பூசலாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் உலரும்போது சூடாகும். சுருண்ட துணி தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காய விட்டபின் எறிய வேண்டும்.

எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின், பின்னால் கறுப்புத் துணியையோ கறுப்பு வர்ணம் பூசிய அட்டையையோ ஓரங்களில் மட்டும் பசையிட்டு ஒட்ட வேண்டும். ஈரச் சுவரில் மாட்டினால் பிளைவூட் வளையும், கறையானும் வரும். சட்டத்தின் பின் மூலைகளில் சிறு றப்பர்த் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று போகும்.

தூசும் பாதுகாப்பும்

மரம் வெட்டும் இயந்திரங்களில் ஆபத்துக் குறைந்த வகையைச் சேர்ந்தது ஸ்குரோல் வாள். சக்கர வாள் போலப் பலகையைத் தூக்கி எறியாது. ஆனாலும் விரலை வெட்டுக் கோட்டுக்கு நேர்முன்னால் வைக்கக் கூடாது. அலகு அடிக்கடி ஒடிந்து தெறிக்கும். கண்ணாடி அணிய வேண்டும். அலகு மாற்றும்போது பிளக்கைக் கழற்றுவது நல்ல பழக்கம்.

உண்மையான ஆபத்து தூசிதான். மரத்தூசு மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 1995இல் வகைப்படுத்தியது. மெல்லிய அலகு எழுப்புவது மா போன்ற நுண்தூசு. கொரோனாக் காலத்தில் அறிமுகமான என்95 முகக்கவசம் இதற்குப் பொருந்தும்; சாதாரணத் துணிக் கவசம் போதாது. எம்டிஎஃப் பலகையில் பசையும் கலந்திருப்பதால் அதைத் தவிர்க்கலாம். ஏற்கெனவே மூச்சுப் பிரச்சினையோ நெஞ்சுக் காயமோ உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இருந்தபடியே செய்யக்கூடிய வேலை என்பதால், காலை இழந்தவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் மேசையின் உயரத்தைச் சரிசெய்துகொண்டு இதில் ஈடுபட முடியும். கால் பெடல் இல்லாமல் கை சுவிட்சாலேயே இயந்திரம் இயங்கும். வெட்டும்போது பலகையை இரு கைகளாலும் அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பதால், ஒரு கையால் வேலை செய்பவர் வரைபடத்தைத் தாம் எடுத்து, வெட்டுவதை இன்னொருவருடன் பகிரலாம். முகம் பிடிபடுவது வரைபடத்தில் என்பதால் அந்தப் பங்கு சிறியதல்ல.

படமே இல்லாவிட்டால்

எமது வாசகர்களில் பலருக்கு உள்ள பிரச்சினை இதுவே. அல்பமே இல்லை. நாயின் படம் எங்கே இருக்கப் போகிறது?

இதற்கு ஒரு வழி உண்டு. அதே சாயலுள்ள, அதே வயதுள்ள ஒரு நாயை ஊரில் தேடி, விரும்பிய கோணத்தில் படம் எடுக்கலாம். அதிலிருந்து வரைபடம் தயாரித்து, வீட்டார் சொல்லும் அடையாளங்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். காது எப்படி மடியும்? வெள்ளை எதுவரை இருந்தது? வாய் மூடியிருக்கும்போது பல் வெளியே தெரிந்ததா? ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார். அந்த வாக்குவாதத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். பென்சிலால் வரைந்து அழித்து மறுபடி வரைய வேண்டும். எல்லோரும் ஓமென்று சொன்ன பிறகே பலகையைத் தொட வேண்டும். கிடைப்பது புகைப்படத்துக்கு நிகரான சாயல் என்று சொல்ல முடியாது. வீட்டார் ஞாபகத்தில் வைத்திருந்த நாய் அது. படத்தின் பின்னால் அப்படியே எழுதி வைப்பதும் நேர்மை.

இன்னொருவருக்காகச் செய்யும்போது கேட்டுச் செய்ய வேண்டும். எதிர்பாராமல் கொண்டுபோய்க் கொடுக்கும் பரிசாக இது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. சிலர் அந்த நாயைப் பார்க்க ஆயத்தமாக இருப்பார்கள், சிலர் இருக்க மாட்டார்கள். விற்பனைக்குச் செய்ய நினைப்பவர்களும், பிறர் தந்த படத்தைக் காட்சிக்கு வைக்க முன்பு அனுமதி கேட்பது அவசியம்.

வேலை முடிந்ததும், பின்பக்க அட்டையில் நாயின் பெயர், அது இருந்த ஊர், வெட்டிய ஆண்டு, வெட்டியவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலாலோ அழியாத மையாலோ எழுத வேண்டும். ஐம்பது வருடத்துக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் சுவரிலிருந்து அதைக் கழற்றும்போது, முன்பக்கத்தில் ஒரு நாயைத்தான் காண்பார்கள். அது எந்த நாய், எந்த வாசலில் படுத்திருந்தது என்பதைச் சொல்லப்போவது பின்பக்கத்து எழுத்துகள்தான்.